காலி நாற்காலிக்கு ஏலம்

ரெஜினா படியேறி வந்தபோது தங்கபுஷ்பம் ஒரு மாப்பிள்ளையின் பல்லை விசாரித்துக்கொண்டிருந்தார். மணலியில் வேலை பார்க்கும் பையன். முன்பல் இரண்டும் சொந்தமா, கட்டியதா என்று பெண்வீட்டார் கேட்டிருந்தார்கள். பல் டாக்டரிடம் போனில் பேசி, "கட்டுனதுதான், ஆனா நல்ல கட்டு" என்று பதில் வாங்கிய பிறகே நிமிர்ந்தார்.

எம்.சி. ரோட்டில், அண்ணன் நடத்தும் ஜவுளிக்கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே துணி விற்றுப் பழகிய குடும்பம். மேலே தங்கபுஷ்பம் மனிதர்களை விசாரித்தார். இரண்டுக்கும் முறை ஒன்றுதான் என்பார். வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும், ஓரத்தைப் பார்க்க வேண்டும், விற்கிறவன் எந்த இடத்தைக் கையால் மறைக்கிறான் என்று கவனிக்க வேண்டும். அவருக்கு உதவி, ஜூடி. ராயபுரத்துக்காரி, நாற்பது வயது, பழைய ஸ்கூட்டி, எதைக் கேட்டாலும் உடனே ஒரு தீர்ப்பு.

"அக்கா, எங்க வீட்டுக்காரங்களைக் கொலைக்கேசுல பிடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்றாள் ரெஜினா. உட்காரச் சொன்ன பிறகும் நின்றாள். "அவங்களுக்குச் சண்டை போடத் தெரியாது. கடையில ஒருத்தன் கயித்தை அளந்து வாங்கிட்டுக் கம்மியா இருக்குன்னு கத்துனா, அவங்கதான் மன்னிப்புக் கேப்பாங்க. ரெண்டு அடி அடிச்சா எதையும் ஒத்துக்குவாங்க அக்கா. ஒத்துக்குமுன்ன வெளியே கொண்டு வரணும்."

அவள் கணவன் ஜெரின், காசிமேட்டில் வலையும் கயிறும் விற்பவன். தராசுக் கட்சிக்காகத் தூது போனவன். யாரிடம் தூது போனான் என்பது ஊருக்கே தெரியும். வடக்குக் கடலோரத் தொகுதியில் நங்கூரம் சின்னத்தில் சுயேச்சையாக நின்று ஜெயித்த விசைப்படகு முதலாளி குமாரவேலிடம். அந்தக் குமாரவேலைத்தான் அவனுடைய வலைக் கொட்டகையில் மண்டை உடைந்து கிடக்கக் கண்டெடுத்தார்கள்.

"தராசுக் கட்சிதான் போட்டுத் தள்ளிச்சின்னு சின்னப் புள்ள கூட சொல்லுது" என்றாள் ஜூடி. "கணக்கு அப்டி கீது அக்கா."

"கணக்கைச் சொல்லுட்டி, கேப்போம்."

ஜூடி மேசையில் இருந்த டீ கிளாஸ்களைத் தள்ளி வைத்துச் சொன்னாள். சட்டசபையில் இருநூற்று முப்பத்து நாலு நாற்காலி. தராசுக்கு நூற்றுப் பதினேழு. விசிறிக் கட்சிக்கு நூற்றுப் பதினாறு. நடுவில் குமாரவேல் ஒருத்தன். ஆட்சிக்கு நூற்றுப் பதினெட்டு வேண்டும். அவன் வந்தால் தராசு ஜெயிக்கும். அவன் விசிறிப் பக்கம் போனால் இரண்டு பக்கமும் சமம், யாருக்கும் சோறு இறங்காது. அவன் செத்தால் மொத்தமே ஒன்று குறையும். நூற்றுப் பதினேழே போதும்.

"செத்தான். தராசு ஆட்சி அமைச்சிடுச்சி. செத்தப்ப அவன் இடுப்புல இன்னா வேட்டி? பச்சைக் கரை. விசிறிக் கட்சி வேட்டி! விசிறிக்குப் போறான்னு தெரிஞ்சதும் ஜெரின் போட்டான். முடிஞ்சிது." சொன்ன பிறகுதான் எதிரே நிற்பவள் ஜெரினின் மனைவி என்பது ஜூடிக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் ரெஜினாவைப் பார்த்தார். "அன்னைக்கு உன் வீட்டுக்காரன் என்ன சொன்னான்?"

"விடிஞ்சதும் வரச் சொல்லியிருந்தாராம். போனப்ப கொட்டகைக் கதவு சாத்தியிருந்துச்சாம். கூப்பிட்டும் சத்தமில்லை, திரும்பி வந்துட்டேன்னாங்க. போனதையும் வந்ததையும் பாத்த சாட்சி இருக்கு. உள்ள போகலைங்கிறதுக்குத்தான் சாட்சி இல்லை."

"பொண்டாட்டி மங்கை என்ன சொல்லுதா?"

"அவங்க சொல்லித்தான் அக்கா பிடிச்சிட்டுப் போனாங்க."

குமாரவேலின் வீடு எர்ணாவூருக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன, குப்பத்து ஆண்கள் எல்லாரும் வீட்டிலும் கொட்டகையிலும் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கும் வலைக் கொட்டகைக்கும் இடையில் ஒரு சந்து. அலை ஏறும்போது கடல் உள்ளே வந்துவிட்டுப் போகும். சேறு, அதன் மேல் ஆலை எண்ணெயின் வானவில். ஜூடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மங்கை அழுது முடித்திருந்தாள். காசிமேட்டு ஏலத்தில் கூடைக்கு விலை கூவிக் கூவிக் கரகரத்த குரல். அந்தக் குரலில்தான் புருஷனுக்கு ஓட்டும் கேட்டாள். ஜெயித்தது நங்கூரமல்ல, மங்கையின் தொண்டை என்று குப்பத்தில் சொன்னார்கள்.

"ரெண்டு கட்சியும் ஆளுக்கு ஒரு வேட்டி குடுத்தனுப்பி இருந்தாங்கோ" என்றாள். "அன்னிக்குக் காலைல எந்திரிச்சி, விசிறிக்குத்தான் நம்ம ஓட்டு, அந்த வேட்டிய எடுன்னாரு. பீரோலேர்ந்து நானே எடுத்துக் குடுத்தேன். என் கண்ணு முன்னாடி கட்டிகினு கொட்டாய்க்கு நடந்து போனாரு. அங்க அந்த ஜெரின் குந்திகினு இருந்தான். அவ்ளோதான், திரும்பி வரல."

ஜூடி உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி புதிது. இழவுக்கு வருகிறவர்களுக்காக வாங்கியதில்லை, வெற்றி விழாவுக்கு வாங்கியது. எழுந்தபோது அவள் சுடிதாரில் மஞ்சள் கறை. துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. புதுத் தண்ணீர் டிரம்மின் விளிம்பிலும் அதே கறை.

"எந்தச் சாமான் வந்தாலும் மஞ்சா வெச்சிட்டுத்தான் பொழங்குவேன்" என்றாள் மங்கை. "தப்பா எடுத்துக்காதே தங்கச்சி."

"பீரோவைப் பாக்கலாமா தாயி?" என்று கேட்டார் தங்கபுஷ்பம்.

மேல்தட்டில் தராசுக் கட்சியின் நீலக்கரை வேட்டி, காகித உறை பிரியாமல். பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்போடு. பதவியேற்புக்கு எடுத்தது. தங்கபுஷ்பம் காலரைத் திருப்பினார். உள்பக்கம், மோதிரவிரல் அளவுக்கு ஒரு மஞ்சள் பதிவு.

"இது எப்ப வச்சது?"

"ஜெயிச்ச மறுநாளு, கடைலேர்ந்து வந்தவொடனே." முதல்முறையாக அவள் குரல் உடைந்தது. "போட்டுக்கக் குடுத்து வெக்கல."

"வீட்டுல அவர் கட்டுற கைலி?"

"தொவச்சி மடிச்சிட்டேன். எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தங்கபுஷ்பத்துக்குக் கடன்பட்டவர். அவர் மகளுக்குப் பார்த்த வரனுக்கு ஆவடியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார்? பொருள்களை மேசையில் பரப்பினார். ஓர் அடி நீளச் சின்ன நங்கூரம், வலையோரம் கிடந்தது. அதைக் கொண்டுதான் அடித்திருக்கிறார்கள். சொந்தச் சின்னத்திலேயே செத்தவன் என்று ஸ்டேஷனில் சிரிப்பு ஓடி ஓய்ந்திருந்தது. சேறு காய்ந்த ரப்பர் செருப்பு. பிறகு வேட்டி.

ஜூடி துள்ளினாள். "அக்கா! செருப்பு முழுக்கச் சேறு. வேட்டி ஓரத்துல ஒரு பொட்டு கூட இல்ல. இந்த வேட்டி அந்தச் சந்துல நடக்கவே இல்ல!"

"மடிச்சுக் கட்டிட்டு நடந்திருப்பான்" என்றார் இன்ஸ்பெக்டர், கொட்டாவியோடு.

"மடிச்சுக் கட்டியிருக்கலாம்" என்று தங்கபுஷ்பமும் ஒத்துக்கொண்டார். ஜூடியின் முகம் சுருங்கியது. அவர் வேட்டியைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கடை மடிப்பு இன்னும் கத்திபோல் நின்றது. ஒரு மூலையைப் பிடித்துப் பார்த்தார். அடுத்த மூலை. மற்ற இரண்டும். சுத்தமான வெள்ளை, ஓரத்தில் பச்சைக் கரை.

"நல்ல நூலு" என்று மட்டும் சொல்லி மடித்து வைத்தார்.

வெளியே வந்ததும் ஜூடி கேட்டாள், "இன்னா பாத்தீங்கோ?"

"ஒண்ணும் இல்லை."

"பொய் சொல்லாதீங்கோ."

"நெசமாத்தான்ட்டி. அந்த வேட்டில ஒண்ணுமே இல்லை. நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரி, உன் கண்ணுக்குத் தப்பிருச்சு. இன்ஸ்பெக்டர் வீட்டுல அவர் பொண்டாட்டி செய்யுத காரியம், அவரும் கவனிச்சிருக்க மாட்டாரு."

கருமாதி அன்று இரண்டு கட்சியிலிருந்தும் ஆள் வந்திருந்தது. தராசுக்கு ராமசுப்பு, கொத்தவால் சாவடியில் பருப்பு மண்டி. விசிறிக்கு உச்சிமாகாளி, மணலியில் டேங்கர் லாரிகள். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துக்கொள்வார்கள். ராமசுப்புவின் மகளை உச்சிமாகாளியின் மகனுக்குப் பேசி முடித்திருந்தது. அந்த மாப்பிள்ளையைத் தங்கபுஷ்பம்தான் விசாரித்தார். நல்ல பையன், ஒரு குறையும் கிடையாது, அப்பாவைத் தவிர.

இருவரும் துக்கம் கேட்க மட்டும் வரவில்லை. காலியான தொகுதிக்கு இடைத்தேர்தல் வரும். தாலி அறுத்தவள் நின்றால் எதிரே நிற்கிறவனுக்கு டெபாசிட் போகும். அவளை விசிறி பிடித்தால் இரண்டு பக்கமும் சமமாகி ஆட்சி ஆடும். தராசு பிடித்தால் நிலைக்கும். ஆக, செத்தவன் உயிரோடு இருந்த காலத்தில் பெற்ற மரியாதையைவிட அவன் காலி செய்த நாற்காலி அதிகம் பெற்றுக்கொண்டிருந்தது.

கூட்டம் சாப்பிடப் போன நேரத்தில் தங்கபுஷ்பம் நாலு பேரை வலைக் கொட்டகைக்குள் அழைத்தார். ராமசுப்பு, உச்சிமாகாளி, மங்கை, ரெஜினா. ஜூடி கதவை மறித்து நின்றாள்.

"என்ன தாயி, எங்களை வச்சு விசாரணையா?" என்று ராமசுப்பு சிரித்தார். "நாங்க கொல்லலைங்கிறது உச்சிமாகாளி அண்ணாச்சிக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். நீங்க ரெண்டு பேரும் வியாபாரி. வெலை பேசிக்கிட்டு இருக்கிற சரக்கைக் கடையோட கொளுத்த மாட்டீங்க." தங்கபுஷ்பம் வலைக் குவியலின் மேல் உட்கார்ந்தார். "செத்தவன் உங்க ரெண்டு பேர்ல யாருக்கு வாக்குக் குடுத்தான்? உண்மையைச் சொல்லுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருக்கும் இல்லை" என்றார் உச்சிமாகாளி. "கடல் உள்ள வராம தூண்டில் வளைவு கட்டு, கட்டி முடிச்சப்புறம் வாங்கன்னான். அதுவரைக்கும் நடுவுல தனியா உக்காருவேன்னான். கிறுக்கன்."

"எங்கிட்டயும் அதே பாட்டு" என்றார் ராமசுப்பு.

"அப்ப பச்சைக்கரை கட்ட அவனுக்கு அவசியமே இல்லை. ஆனா கட்டியிருந்தான். செருப்புல சேறு, வேட்டில இல்லை. மடிப்பு கலையலை. இதுக்கெல்லாம் பதில் சொல்லிரலாம். ஒண்ணுக்குப் பதில் கெடையாது." தங்கபுஷ்பம் குரலை உயர்த்தவில்லை. "இந்த வீட்டுல பிளாஸ்டிக் நாற்காலிக்கு மஞ்சள் இருக்கு. தண்ணி டிரம்முக்கு இருக்கு. புருஷன் என்னைக்கோ போடப் போற சட்டைக்கு, வாங்குன அன்னைக்கே காலருக்குள்ள வச்சாச்சு. அவன் எம்.எல்.ஏ.வா மொதமொதல்ல கட்டுன வேட்டி, இவ கையால எடுத்துக் குடுத்த புது வேட்டி, நாலு மூலையிலயும் மஞ்சள் இல்லை. நான் பொறந்தது ஜவுளிக்கடையில. நம்ம ஆளுக மஞ்சள் வைக்காத புதுத்துணி ஒண்ணே ஒண்ணுதான்."

ராமசுப்புவின் சிரிப்பு நின்றது. அவர் வீட்டிலும் அது தெரியும்.

"கோடி" என்றார் மெதுவாக.

"கோடிதான். பொணத்துக்குப் போடுற துணி. உயிரோட நடந்து போனவனுக்குக் குடுத்தேன்னு வாய் சொல்லிச்சு. கை வேற சொல்லிருச்சு. அவன் கைலியோட சேத்துல நடந்து வந்து, இங்க வலை தச்சுக்கிட்டு இருந்தப்பதான் அடி விழுந்திருக்கு. அதுக்கப்புறம் வேட்டியை மாத்தியிருக்கு. ஜெரின் வந்தப்ப கதவு ஏன் சாத்தியிருந்துச்சுன்னா, உள்ள துணி மாத்திக்கிட்டு இருந்துச்சு. நீலக்கரையும் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. வரப்போறவன் தராசுக்காரன்னு தெரிஞ்சதால பச்சையை எடுத்திருக்கு. என்ன மங்கை?"

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். மங்கை யாரையும் பார்க்கவில்லை. புருஷன் பாதியில் விட்ட வலைக்கண்ணைப் பார்த்தாள்.

"மஞ்சாக் கிண்ணத்தக் கைல எடுத்தேங்கா" என்றாள். "எடுத்துகினு வந்தேன். வைக்கணும்னு தெரியும். உன்னாட்டம் ஒருத்தி வந்து பாப்பான்னு தெரியும். கை போவல. பொணத்துக்கு எப்டிக்கா மஞ்சா வெக்கிறது?"

அலை சந்துக்குள் வந்துவிட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது.

"ஏன்டி?" என்று ஜூடிதான் கத்தினாள். "தாலி கட்டினவன்டி!"

"தொண்டை கிழிஞ்சது எனுக்கு. வூடு வூடா நான் போனேன். அவுரு வண்டியில கைகூப்பிகினு நின்னாரு. ஜெயிச்சப்புறம் ரெண்டு கச்சியும் வாசல்ல நிக்குது. அந்தாளு வலை தெக்கிறாரு! நடுவுல குந்துவேன்னாரு. கூடைய எறக்கி வெச்சி, கூட்டம் சேத்து, வெலைய ஏத்தி விட்டப்புறம், மீன் விக்கிறதுக்கில்லன்னு சொன்னா எந்த ஏலக்காரி பொறுப்பா? அந்த நங்கூரம் கிட்டக்க இருந்திச்சி."

"போதும்" என்று எழுந்தார் தங்கபுஷ்பம். "இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு, ஜூடி."

"இரு தாயி." ராமசுப்பு கையை உயர்த்தினார். "வேட்டியில மஞ்சள் இல்லேன்னு கோர்ட்டுல சொன்னா ஜட்ஜ் சிரிப்பாரு. இந்தம்மா இங்க பேசினதை யார் கேட்டா? நான் கேக்கலை. அண்ணாச்சி, நீங்க கேட்டீங்களா?"

"எனக்கு ஒரு காது மந்தம்" என்றார் உச்சிமாகாளி. மணமேடைக்கு முன்பாகவே சம்பந்திகள் ஒத்துப்போனார்கள்.

மங்கை தலையைத் தூக்கினாள். அழுகை கண்ணிலேயே காய்ந்துவிட்டது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், காசிமேட்டில் வியாபாரிகளைப் பார்ப்பதுபோல. பிறகு அந்தக் கரகரத்த குரல், மெதுவாக, பழக்கமான ராகத்தில் வந்தது.

"சீட்டு ஒண்ணு கீது. மந்திரி யாரு தருவீங்கோ? ஒருதரம்…"

"இணை அமைச்சர்" என்றார் உச்சிமாகாளி, யோசிக்காமல்.

"ரெண்டுதரம்…"

"மீன்வளத்துறை. முழு மந்திரி" என்றார் ராமசுப்பு. "ஆட்சி எங்க கையில இருக்கு தாயி. அவரு தரேங்கிறது கையில இல்லாத சரக்கு."

உச்சிமாகாளி தோள்துண்டை உதறி விலகி நின்றார்.

"மூணுதரம்."

தங்கபுஷ்பம் வாழ்நாளில் ஆயிரம் பேரம் பார்த்தவர். வாடிக்கையாளரின் பக்கம் திரும்பினார். "ரெஜினா, நீதான் என்னைக் கூப்பிட்டவ. நான் கண்டுபிடிச்சது உன்னோட சரக்கு. நீயும் கேட்டிருக்கே, நானும் ஜூடியும் கேட்டிருக்கோம். மூணு பேர் சாட்சி சொன்னா ஊர் கேக்கும். நீ வான்னா இப்பவே போவோம்."

ராமசுப்பு அதற்குள் அவள் பக்கத்தில் போய்விட்டார். தகப்பன் மாதிரி குனிந்து பேசினார். "ஜெரின் நம்ம பையன்மா. வேற ஆள் கிடைச்சா அவனை விட்டுருவாங்க. கிடைக்கும். நீ கோர்ட்டு கோர்ட்டா அலையணுமா, அவன் வீட்டுக்கு வரணுமா?"

ரெஜினா மங்கையைப் பார்க்கவில்லை, தங்கபுஷ்பத்தையும் பார்க்கவில்லை.

"எப்ப வருவாங்க?" என்றாள்.

"நாளைக்கு."

"அடிச்சிருக்காங்களா?"

"இனிமே அடிக்க மாட்டாங்க."

அவள் தலையசைத்தாள். கொட்டகைக்கு வெளியே பந்தி முடிந்து எச்சில் இலை எடுக்கிற சத்தம்.

ஜூடி அன்றே ஸ்டேஷனுக்கு ஓடினாள். இன்ஸ்பெக்டர் காது கொடுத்துக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார், ரெஜினாவை அழைத்து வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். ரெஜினா வரவில்லை. அடுத்த வாரம் அவரே வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். வேட்டி பொருள் அறையில் நனைந்து வீணாகிவிட்டதாகச் சொன்னார்கள்.

வேறு ஆளும் கிடைத்தான். சடையங்குப்பத்து வெள்ளத்தில் குடிசையும் ஆட்களும் போன பிறகு, காசிமேட்டில் கவிழ்த்த படகுகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். பெயர் கேட்டால் சிரிப்பான். வலை திருடப் போனபோது அடித்தேன் என்று அவன் சொன்னதாகச் செய்தி வந்தது. அவனை விசாரிக்கச் சொல்லி எந்த ரெஜினாவும் படியேறி வரவில்லை.

ஜூடி ஒருநாள் கேட்டாள், "நீங்க ஒண்ணுமே பண்ண மாட்டீங்களா அக்கா?"

"அவனுக்கு ஒரு வக்கீலைப் பிடிச்சு அனுப்பினேன். கட்சி ஏற்கெனவே ஒரு வக்கீலை வச்சுக் குடுத்திருச்சாம், ஏழைன்னு பரிதாபப்பட்டு." தங்கபுஷ்பம் ஜன்னலை மூடினார். "பொய்யை எனக்குப் பிடிக்கத் தெரியும்ட்டி. உண்மையை வாங்க ஆள் பிடிக்கத் தெரியலை."

இடைத்தேர்தலில் மங்கை ஜெயித்தாள். தராசு நூற்றுப் பதினெட்டு, விசிறி நூற்றுப் பதினாறு. தூண்டில் வளைவைப் பற்றி யாரும் பேசவில்லை. ரெஜினா வீட்டிலிருந்து ஓர் இனிப்புப் பெட்டி வந்தது. ஜெரினுக்கு மந்திரியிடம் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. ஜூடி பெட்டியைப் பிரிக்காமல் படிக்கட்டில் வைத்தாள். எறும்புகள் பிரித்துக்கொண்டன.

பதவியேற்பைக் கீழே ஜவுளிக்கடைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். தங்கபுஷ்பம் படியிறங்கி வந்து நின்று பார்த்தார். மங்கை, நீலக்கரை போட்ட சந்தனநிறப் புதுப்புடவையில், கரகரத்த குரலில் உறுதிமொழி வாசித்தாள். பின்னால் ஜெரின், கையில் கோப்போடு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு.

"வெக்கங்கெட்டவன், அங்க போய் நிக்கிறான் பாரு" என்றாள் ஜூடி.

தங்கபுஷ்பம் ஜெரினைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடக் குனிந்தபோது மங்கையின் முந்தானை முன்னால் சரிந்து விழுந்தது. கேமரா அருகில் போனது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல ஓரத்தைப் பார்த்தார்.

மூலையில், மோதிரவிரல் அளவுக்கு, மஞ்சள் இருந்தது.